முன்காலில் பாரம் வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே உன் அண்ணன், நான், பாப்பா மூன்று பேரும் ஏதோ இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. நீ இருக்கிற லட்சணத்தை வீடியோவில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசினால் போதாதா என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே? நான் வாயைத் திறந்ததும் “சரி அண்ணி, சரி அண்ணி” என்பாய். அடுத்த மூச்சில் பாப்பா என்ன பண்றா என்று பேச்சை மாற்றிவிடுவாய். சண்டை நெருங்கினால் உங்கள் பயிற்சி முகாமில் போனை வேறு வாங்கிப் பூட்டிவிடுகிறார்களாம். காகிதத்திடம் உன் “சரி அண்ணி” செல்லாது. உட்கார்ந்து முழுவதும் படி.

முதலில் வீட்டுச் சமாசாரம். பஸ் டிப்போவில் என்னை விசாரணை கவுண்டரிலிருந்து பாஸ் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே மின்விசிறி உண்டு, திட்டு வாங்குவதும் குறைவு. உன் அண்ணன் அதே பேரிங் கடையில்தான் இருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்தே கேட்கிற சைஸை எடுத்துக் கொடுக்கிறார். மேல் தட்டில் இருப்பதை முதலாளியே ஏணி போட்டு ஏறி எடுத்துத் தருகிறாராம். நல்ல மனுஷன். அவர் ஏணியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் உன் அண்ணனுக்கு முகம் விழுந்துவிடுகிறது. குத்துச்சண்டைக் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் நடக்கின்றன. மணி அடிப்பது இன்றைக்கும் நான்தான். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள். அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து எழுதுகிறேன்.

இப்போது உன் வீடியோவுக்கு வருகிறேன். கையோடு காலாலும் அடித்துச் சண்டை போடுகிற அந்தக் கம்பிக் கூண்டுக்கு வெளியே நின்றுகொண்டு, கழுத்தில் துண்டோடு, மைக்கைப் பிடித்த பெண்ணிடம் நீ பேசியதைப் பார்த்தேன். எதிராளி காலை உடைக்கிறவன் என்று பெயர் எடுத்தவனாயிற்றே, உங்களுக்குப் பயமில்லையா என்று அவள் கேட்டாள். அதற்கு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “எங்க அண்ணன் எப்படி நின்னாரோ அப்படியேதான் நான் நிப்பேன். அவர் சொல்லிக் குடுத்த ஸ்டெப்பு தப்பில்லன்னு காட்டத்தான் வந்திருக்கேன்.”

கடையிலிருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உன் அண்ணன் அதைப் பார்த்தார்.  போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

தம்பி, நீ அன்பால் பேசினாய் என்று எனக்குத் தெரியும். அந்த அன்பைக் கண்டுதான் எனக்குப் பயம்.

நான் குத்துச்சண்டை கற்றவள் இல்லை. ஆனால் மணி அடிக்கிறவளின் மேஜை எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியும். ரிங்கின் தரை என் கண்ணுக்கு நேராக இருக்கும். எல்லோரும் கையையும் முகத்தையும் பார்ப்பார்கள், நான் வருஷக்கணக்காகப் பார்த்தது காலை. உன் அண்ணனையே நான் முதலில் காலாகத்தான் பார்த்தேன். முன்காலின் விரல்கள் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். பின்கால் குதிகால் தரையைத் தொடாது. கோடு கிழித்ததுபோல ஒல்லியாக, பக்கவாட்டில் நிற்பார். முன்கையால் நேராகக் குத்துகிற அந்த ஜாப் போகும்போது உடம்பு முழுவதும் முன்காலில் இறங்கும், இறங்கின வேகத்தில் திரும்பிவிடும். அதைப் பார்க்கப் பார்க்க மணி அடிக்க மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கும். கல்யாணம் ஆன பிறகுதான் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன், பரவாயில்லை என்று இருந்தது.

ரிங்கில் அந்த நிற்பு அழகு மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் காலைப் பற்றிக் கவலைப்படாமல் காலை நம்பி நிற்கலாம். கூண்டில் அந்தச் சட்டம் கிடையாது. அங்கே முன்கால் உள்ளே திரும்பியிருந்தால் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் முழுவதையும் அடுத்தவனுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. பாரமும் அதன் மேலேயே இருந்தால் உதை வரும்போது தூக்கவும் முடியாது. ரிங்கில் குனிந்து நழுவினால் கைதட்டுவார்கள். கூண்டில் குனிகிற இடத்தில் முழங்கால் காத்திருக்கும். அங்கே நிற்கிறவர்கள் அகலமாக, நெஞ்சு எதிராளியைப் பார்க்க, முன்கால் லேசாக, எந்த நேரமும் தரையை விட்டுவிடத் தயாராக நிற்கிறார்கள். பார்க்க அழகாகவே இருக்காது. நானே கேலி செய்திருக்கிறேன், சாக்கடையைத் தாண்ட யோசிக்கிறவன் மாதிரி நிற்கிறார்களே என்று. இப்போது கேலி வரவில்லை.

உன் அண்ணன் கூண்டில் இறங்கின அன்றைக்கு நீ ஊரில் இல்லை. நான் சொன்னதையும் கிளப் மாஸ்டர் சொன்னதையும் வைத்து நீயே ஒரு கதையை மனதில் கட்டிவைத்திருக்கிறாய். நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

கூண்டுக்கு வெளியே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் தரை என் கண்மட்டத்தில்தான் இருந்தது. முதல் சுற்றில் கைவேலை எல்லாம் உன் அண்ணனுடையதுதான். கூட்டம் அவர் பக்கம் கத்தியது. எனக்கு மட்டும் கத்த வரவில்லை. அவர் ஒவ்வொரு தடவை ஜாப் போடும்போதும் எதிராளி தன் முகத்தைக் கொடுத்துவிட்டுக் காலை உதைத்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம், அதே இடத்தில். சத்தம்கூடப் பெரிதாக வராது. உதை விழுந்ததும் உன் அண்ணன் காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொள்வார். நாமெல்லாம் பழகினது அப்படித்தான், அடி வாங்கினால் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று. ஊன்ற ஊன்ற அவனுக்கு வசதி. இரண்டாவது சுற்றில் அந்தக் கால் தரையில் இழுபட ஆரம்பித்ததை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு மணி என் கையில் இல்லை. இருந்திருந்தாலும் நேரம் முடியாமல் அடித்திருக்க முடியாது. 

கடைசிவரை நின்று புள்ளியில்தான் தோற்றார். வெளியே வந்ததும் மாஸ்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். தாடையை அசைத்துப் பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார், விலா எலும்பைத் தடவினார், பேரைச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. தப்பித்தோம் என்று எல்லோரும் மூச்சு விட்டோம். குத்துச்சண்டைக்காரர்களுக்குக் காயம் என்றால் இடுப்புக்கு மேலேதானே. அரைக்கால் சட்டையில், எல்லோர் கண் முன்னாலும், தொட்டால் கல்லாக அந்தக் கால் வீங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. அவரே “மரத்துப் போச்சு, சுளுக்குதான்” என்றார். ஐஸ் கட்டிப் பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், உள்ளே வீங்கின வீக்கம் நரம்பை நசுக்கிவிட்டிருந்தது. கீறி உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைச் சொல்வது யாரையும் குற்றம் சொல்ல இல்லை. அந்த நிற்பு தப்பில்லை, தம்பி. அது ரிங்குக்குச் சரி, கூண்டுக்குச் சரியில்லை, அவ்வளவுதான். அதை நிரூபிக்க இன்னொரு கால் எதற்கு?

அவர் இப்போது எப்படி நடக்கிறார் என்று நீ கேட்டதே இல்லை. கேட்கப் பயந்தாய் என்று தெரியும், நானும் சொல்லவில்லை. அந்தப் பாதம் மேலே மடங்காது. விரல்கள் தொங்கிவிடும். சும்மா நடந்தால் தரையில் தட்டி விழுவார். அதனால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கி, வீசி வைக்கிறார். கூண்டில் உதை வரும்போது தூக்கியிருக்க வேண்டிய அதே தூக்கல். அன்றைக்குத் தூக்காத காலை இப்போது தண்ணீர் குடிக்கப் போனாலும் தூக்கவேண்டியிருக்கிறது. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

பாப்பாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன் அல்லவா. அவள் பிடித்து எழுந்து நின்ற நாளிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் கையை விட்டு நடந்தாள். ஒரு காலை மட்டும் முழங்கால் மடித்து உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா அணிவகுப்பில் போகிற சிப்பாய் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். உன் அண்ணன் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன், குழந்தைக்கு ஒன்றுமில்லை, பார்த்ததைச் செய்கிறாள், தானாக விட்டுவிடுவாள் என்றார். ஆனால் அன்றிலிருந்து உன் அண்ணன் அவள் முன்னால் எழுந்து நடப்பதில்லை. அவள் விழித்திருக்கும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். தாகம் எடுத்தால் என்னைக் கூப்பிடுகிறார். ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள். குழந்தை பார்க்கிறாளே என்று அவர் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்த் திறந்திருக்கிறார். வந்தவர் காஸ்காரர். நான் வெளியே வந்ததும் மனுஷன் என்னைப் பார்த்து, அண்ணனுக்கு இவ்வளவு மோசமாகிவிட்டதா என்று கேட்டார். 

பார்த்ததை அப்படியே பிடித்துக்கொள்வது உங்கள் வீட்டு ரத்தத்தில் இருக்கிறது போல. அவள் குழந்தை, விட்டுவிடுவாள். நீ எப்போது விடப்போகிறாய்?

உன் புதுக் கோச் எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்கு என்று என் நம்பரை நீதான் கொடுத்திருக்கிறாய். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, தொண்டை கட்டின குரலில் நிதானமாகப் பேசினார். “கை இருக்கு, கண்ணு இருக்கு, மூச்சு இருக்கு. காலை மட்டும் தொடவிட மாட்டேங்கிறாம்மா. மாத்துன்னா சாமி குத்தம் மாதிரி பாக்குறான். நீங்க சொன்னாக் கேப்பானா?” என்றார். நான் சொன்னால் நீ கேட்பாயா என்று எனக்கே தெரியவில்லை. முயற்சி பண்றேன் சார் என்று வைத்துவிட்டேன்.

இதுவரை டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். மீதியை வீட்டில், சமையல் மேடையில் வைத்து எழுதுகிறேன். உன் அண்ணன் பார்த்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். நீ கூண்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து அவர் உன் பெயரை வாயால் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். “அவன் சாப்பிட்டானாமா” என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்பார். இன்றைக்குக் கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்தார். காஸ்காரர் விஷயத்தில் மட்டும் “இதெல்லாம் எதுக்கு எழுதின” என்றார். நான் அந்த வரிகளை அடித்துவிடவில்லை, அப்படியே இருக்கிறது.

பிறகு பாப்பா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என்னை அடுப்புக்கு முன்னால் நிற்கச் சொன்னார். உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே என்னை நிற்க வைத்தார். முன்கால் விரல் உள்ளே, பின்குதிகால் மேலே. ஜாப் போடு என்றார். சமையல்கட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஜாப் போட்டேன். போட்ட அதே நேரத்தில் மரக்கரண்டிக் காம்பால் என் கெண்டைக்காலில் ஒரு தட்டு. “தூக்கு” என்றார். தூக்க முடியவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி தட்டினார். ஆணி அடித்த மாதிரி கால் நின்றது. “ஏன் தூக்கலை?” என்றார். கனமாக இருக்கிறது என்றேன். “அதான். கை போற நேரத்துல ஆள் மொத்தமும் அங்கதான் நிக்குது” என்றார்.

அப்புறம் குனிந்து என் பாதத்தைக் கையால் வெளிப்பக்கம் திருப்பிவிட்டார். காலை அகட்டி வைத்தார். தோளைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். இப்போது போடு என்றார். போட்டேன், காம்பு வந்தது, கால் தானாக எழும்பிவிட்டது. காம்பு இந்தத் தடவை சதையில் விழாமல் என் எலும்பில் பட்டு டக்கென்று சத்தம் கேட்டது. அவர் சிரித்தார், தம்பி. எத்தனை நாளாயிற்று. “பாத்தியா, எவ்வளவு லேசு பாரு” என்று சொல்லிவிட்டு, எனக்குக் காட்டுவதற்காகத் தன் காலையும் தூக்கினார். முழங்கால் எழும்பியது. பாதம் தொங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை வாங்கிக் கழுவி வைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பேசினது எல்லாம் உன்னைப் பற்றி. சின்ன வயதில் நீ இரண்டு பாதத்தையும் வெளியே திருப்பி, அகட்டி அகட்டி நடப்பாயாம். கிளப்பில் வாத்து என்று கூப்பிடுவார்களாம். அதற்காக நீ அழுவாயாம். இவர்தான் தினமும் உன் பாதத்தைப் பிடித்துப் பிடித்து உள்ளே திருப்பினாராம். “இப்ப அந்தக் கோச் கேக்குறது அதைத்தான். அவனோட சொந்த நடை. நான்தான் மாத்தினேன்” என்றார். அன்றைக்கு அது சரிதானே, ரிங்குக்குத்தானே சொல்லிக்கொடுத்தீர்கள் என்றேன். 

நீங்களே எழுதுங்கள் என்று பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்: “அது நான் குடுத்ததுதானே. திருப்பிக் கேக்குறேன்னு எழுது. எனக்கு வேணும்னு எழுது. அவன் இனிமே அதை வெச்சுக்கக் கூடாது.”

அவர் எதையும் யாரிடமும் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை, உனக்கே தெரியும்.

எல்லோரும் உனக்கு ஜெயித்துவிட்டு வா என்று எழுதுவார்கள். நான் எழுதப் போவதில்லை. தோற்றால் தோற்றுவிட்டு வா, கோச் சொன்னபடி நின்று தோற்றுவிட்டு வா. பாதியில் போதும் என்று தோன்றினால் விட்டுக்கொடுத்தேன் என்று தரையைத் தட்டிவிட்டு எழுந்து வா. நம் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். உன் அண்ணன் கடையிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது ஒரு அடி மெதுவாகவும் அடுத்த அடி பளார் என்று அறைகிற மாதிரியும் கேட்கும். அது எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் சோற்றை எடுத்து வைக்கிறேன். நீ வரும்போது அதே படியில் இரண்டு காலும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கிற அவர் காதில் அது விழ வேண்டும். உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

நீ முழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணி